தண்ணீர் எங்கே போகிறது?



நான் தேனி மாவட்டத்துப் பெண். எங்கள் ஊரில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறேன். படிக்க வருபவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். தோட்டங்கள் மலைமேல் இருக்கின்றன. அது கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏற வேண்டும். வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதன்பின் தோட்டம் வரை கல்லும் பள்ளமுமான மண்பாதை. அந்தப் பாதையில் பஸ் போகாது. ஜீப்தான் போகும்.

இந்தப் பாடம் அப்படி ஒரு ஜீப்பைப் பற்றியது. அது என் தாய்மாமாவின் ஜீப். பழைய டீசல் வண்டி. அந்த வண்டியை நம்பித்தான் மாமாவின் குடும்பம் இருக்கிறது. அதில் போகும் பெண்களின் கூலியும் அதை நம்பித்தான் இருக்கிறது.

வளைவில் நின்ற வண்டி

ஒரு நாள் காலை. ஜீப் மலை ஏறிக்கொண்டிருந்தது. பாதி மலை தாண்டியதும் வண்டியின் முன்பக்கத்தில் ஆவி எழுந்தது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். பெண்கள் இறங்கி நின்றார்கள்.

மாமாவுக்கு அவசரம். நேரத்துக்குப் போகவில்லை என்றால் தோட்டத்தில் வேலை கிடைக்காது. அவர் ஒரு துணியை எடுத்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீர் மேலே பீய்ச்சி அடித்தது. மாமாவின் வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

யாரோ தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். சோற்றுக்கு வைத்திருந்த தயிரை எடுத்துக் கையில் தடவினார்கள். கீழே இறங்கி வந்த ஒரு வண்டியில் மாமாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நர்சம்மா முதலில் அந்தத் தயிரைக் கழுவ வேண்டியிருந்தது. கழுவும்போது மாமா துடித்துவிட்டாராம்.

அன்று யாருக்கும் கூலி இல்லை. மாமாவுக்கு மூன்று வாரம் கையில் கட்டு.

மாமா வீட்டில் படுத்தபடி சொன்னார்: "பாப்பா, ஒரு மாசமாவே தண்ணி குறைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நானும் ஊத்திக்கிட்டே இருந்தேன். எங்கே போகுதுன்னு பார்க்கலை."

இந்தப் பாடத்தின் கேள்வி அதுதான். தண்ணீர் எங்கே போகிறது?

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு?

எஞ்சினுக்குள் டீசல் எரிகிறது. அதனால் எஞ்சின் மிகவும் சூடாகிறது. இந்தச் சூட்டைக் குறைக்காவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பும் அலுமினியமும் விரிந்து கோணிவிடும். எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

அதனால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. சூடான தண்ணீர் மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்கள் நிறைந்த பெட்டி. விசிறி அதன் வழியாகக் காற்றை இழுக்கிறது. தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஓஸ் வழியாக மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. இப்படித் தண்ணீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப்.

நடுவில் ஒரு சிறிய கதவும் உண்டு. அதன் பெயர் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். சூடானதும் தானாகத் திறக்கும். பல வண்டிகளில் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனதும் திறக்கத் தொடங்கும்.

இந்தத் தண்ணீர் வட்டமாகச் சுற்றுகிறது. செலவாவதில்லை. டீசல்போல எரிந்து தீர்வதில்லை. அப்படியானால் தினமும் ஏன் குறைய வேண்டும்? குறைகிறது என்றால் எங்கேயோ வெளியேறுகிறது என்று பொருள். ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

இரண்டு மெக்கானிக்குகள்

மாமா சொன்னபடி வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹெட் கேஸ்கட் போயிருச்சு. எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார். செலவு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்.

மாமாவிடம் பணம் இல்லை. அத்தை தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்போம், தம்பி" என்றார்.

வேறொரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் முதலில் வண்டியைத் தொடவில்லை. எங்களிடம் கேள்வி கேட்டார்.

"தண்ணி எப்போ குறையுது? ராத்திரி நிக்கும்போதா, ஓடும்போதா?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"சமதளத்துலயா, ஏத்தத்துலயா?"

தெரியவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஊத்துறீங்க?"

அதுவும் தெரியவில்லை.

பெரியவர் சிரித்தார். "டாக்டர்கிட்டப் போனா எப்போ இருந்து காய்ச்சல்னு சொல்ல மாட்டோமா? ஒரு வாரம் கணக்கு எழுதுங்க. அப்புறம் பிரிக்கலாமா வேணாமான்னு பார்ப்போம்."

அவர் ஓஸ் பைப்புகளையும் விசிறி பெல்ட்டையும் பார்த்தார். அவை நன்றாக இருந்தன. பிறகு மாற்று டிரைவருக்கு எச்சரிக்கை சொன்னார். ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஆள் அதிகம் ஏற்றக் கூடாது. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும்.

அம்மா எழுதிய கணக்கு

கணக்கை யார் எழுதுவது? மாமாவின் கையில் கட்டு. மாற்று டிரைவருக்கு நேரமில்லை. அம்மா, "நான் எழுதுறேன்" என்றார்.

அம்மா எங்கள் மையத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணலாக வரும். எண்கள் நன்றாக வரும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் அளந்தார். தினமும் இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தார். காலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். முதல் நாள் ஓட்டத்தில் குறைந்த தண்ணீரை மறுநாள் காலையில் அளந்து ஊற்றினார்கள்.

அம்மாவின் நோட்டில் இருந்தது இதுதான்.

திங்கள்: மலை. முழு ஆள். தாளில் ஈரம் இல்லை. ஊற்றியது ஒன்றரை லிட்டர்.
செவ்வாய்: மலை. முழு ஆள். ஈரம் இல்லை. ஒன்றரை லிட்டர்.
புதன்: போடிக்கு மட்டும் போனது. ஈரம் இல்லை. ஊற்றவில்லை.
வியாழன்: மலை. முழு ஆள். ஈரம் இல்லை. ஒன்றரை லிட்டர்.
வெள்ளி: மலை. ஐந்து பேர்தான். ஈரம் இல்லை. அரை லிட்டர்.
சனி: மலை. முழு ஆள். ஈரம் இல்லை. ஒன்றரை லிட்டர்.
ஞாயிறு: ஓட்டம் இல்லை. ஈரம் இல்லை. ஊற்றவில்லை.

இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை படியுங்கள். என்ன தெரிகிறது?

வண்டி நிற்கும்போது தண்ணீர் குறையவில்லை. சமதளத்தில் ஓடும்போதும் குறையவில்லை. மலை ஏறினால் மட்டுமே குறைகிறது. பாரம் அதிகமானால் அதிகம் குறைகிறது. பாரம் குறைந்தால் குறைவாகக் குறைகிறது.

இரண்டு சந்தேகங்கள்

மெக்கானிக் பெரியவர் நோட்டைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். "இது நல்ல கணக்கு" என்றார்.

ஓஸில் ஓட்டை இருந்தால் வழக்கமாகத் தாளில் ஈரம் தெரியும். ரேடியேட்டர் ஒழுகினாலும் தெரியும். இங்கே ஈரமே இல்லை. ஆகவே இரண்டு சந்தேகங்கள் முன்னுக்கு வந்தன.

முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கட். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். அதுதான் ஹெட் கேஸ்கட். அது பழுதானால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போய் ஆவியாகிவிடும். தரையில் சொட்டாது.

இரண்டாவது சந்தேகம் ரேடியேட்டர் மூடி.

கேஸ்கட் போனால் சில அடையாளங்கள் இருக்கும். பெரியவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அது பால்காப்பி நிறத்தில் குழம்பிவிடும். இங்கே ஆயில் கறுப்பாகவே இருந்தது.

புகையைப் பார்த்தார். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போய் ஆவியாகிறது என்று சந்தேகப்படலாம். இங்கே வெள்ளைப் புகை இல்லை.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது மூடியைத் திறந்து வைத்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு உடனே தண்ணீரைப் பார்த்தார். கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். இங்கே தொடர்ந்து குமிழி வரவில்லை. சூடு ஏறும் முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அம்மா சொன்ன குக்கர் கதை

பெரியவர் மூடியைக் கையில் எடுத்தார். அதன் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வளையமும் இருந்தன. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "இது நம்ம குக்கர் மாதிரில்ல இருக்கு! ரப்பர் போனா ஓரமா ஆவி போயிரும். விசில் வராது. தண்ணி வத்திப் பருப்பு அடிப்பிடிச்சுரும்" என்றார்.

பெரியவர் தலையாட்டினார். "அதேதாம்மா. இதுவும் குக்கர்தான்."

அவர் விளக்கியதை நான் எழுதுகிறேன்.

தண்ணீர் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும். உயரமான இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில் ஏறக்குறைய 95 அல்லது 96 டிகிரியிலேயே கொதிக்கும். பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் எஞ்சினில் தண்ணீர் அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும்.

ஆனால் அழுத்தி மூடினால் தண்ணீர் கொதிக்க அதிகச் சூடு வேண்டும். குக்கரில் நடப்பது இதுதான். ரேடியேட்டர் மூடியும் அப்படி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மாமாவின் மூடியில் 0.9 என்ற எண் இருந்தது. அது அந்த மூடி தாங்க வேண்டிய அழுத்தம். அந்த அழுத்தம் சரியாக இருந்தால், மலைமேல்கூடத் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கொதிக்கும்.

மூடி பழுதானால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மூடிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய குழாய் வழியாக வெளியே போய்விடும். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் அது சாலையில் சிந்திக் காய்ந்துவிடும். யார் கண்ணிலும் படாது.

பெரியவர் அந்தச் சிறிய குழாயின் முனையைக் காட்டினார். அதன் கீழே துரு நிறத்தில் கறை படிந்திருந்தது. தண்ணீர் போன தடம் அது.

பிறகு மூடியை ஒரு கைப்பம்பில் பொருத்திக் காற்றடித்தார். முள் 0.9 வரை போக வேண்டும். 0.3-லேயே காற்று வெளியேறிவிட்டது.

அதே எண் கொண்ட புதிய மூடி வாங்கினோம். சில நூறு ரூபாய்தான் ஆனது. அடுத்த வாரமும் அம்மா கணக்கு எழுதினார். ஏழு நாளும் "ஊற்றவில்லை" என்றே எழுதினார். அத்தையின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா வண்டியிலும் மூடிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். சில வண்டிகளில் உண்மையாகவே கேஸ்கட் போயிருக்கும். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் நல்ல கேஸ்கட்டும் போய்விடும். அதனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வரிசையாகப் பார்ப்போம்

செலவு இல்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எஞ்சின் ஆறிய பிறகே செய்ய வேண்டும். சாவியை எடுத்துவிட வேண்டும். புதிய வண்டிகளில் மின்சார விசிறி இருக்கும். எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றலாம். கை விடக் கூடாது.

1. தரையைப் பாருங்கள். இரவில் தாள் விரியுங்கள். ஈரம் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருந்தால் ரேடியேட்டராக இருக்கலாம். எஞ்சினின் முன்பக்கம் என்றால் வாட்டர் பம்பாக இருக்கலாம்.

2. ஓஸ்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? உப்பியிருக்கிறதா? கிளிப் தளர்ந்திருக்கிறதா? கல் பாதையில் வண்டி குலுங்கும். கிளிப் தளர்வது சகஜம்.

3. ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். சேறும் புல்லும் பூச்சியும் அடைத்திருந்தால் காற்று போகாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

4. விசிறி பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் தொய்ந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது.

5. மூடியைப் பாருங்கள். ரப்பர் நன்றாக இருக்கிறதா? ஸ்பிரிங் துரு ஏறியிருக்கிறதா? மாற்றினால் உங்கள் வண்டிக்கு உரிய எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

6. தெர்மோஸ்டாட். எஞ்சின் மிகவும் சூடு, ஆனால் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் கதவு திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். மெக்கானிக் அதைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்ப்பார். நல்லதாக இருந்தால் கண்முன்னே திறக்கும். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். அது தவறு.

7. கடைசியாகத்தான் ஹெட் கேஸ்கட். பால்காப்பி நிற ஆயில், விடாத வெள்ளைப் புகை, தண்ணீரில் குமிழி. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள்.

வழியில் கொதித்தால்

ஹீட் மீட்டரில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'சி' என்றால் குளிர்ச்சி. 'ஹெச்' என்றால் சூடு. முள் 'ஹெச்' பக்கம் ஏறினால் வண்டியை நிறுத்துங்கள்.

வளைவிலேயே நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவருக்குத் தெரியும்படி ஓர் இடம் பாருங்கள். கைப்பிரேக் போடுங்கள். சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள். ஆட்களைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான். மாமாவும் துணி போட்டுத்தான் திறந்தார். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு வெடித்துவிடலாம். ஆறிய பிறகு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். சாலையில் கிடந்தால் அடுத்தவருக்கு விபத்து.

ஏற்றத்தில் எஞ்சின் திணறத் திணற ஓட்டாதீர்கள். கீழ் கியரில் போனால் விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். அது எஞ்சினுக்கும் கேடு. உயிருக்கும் கேடு.

கொதிநீர் பட்டால்

வெந்த இடத்தில் உடனே குளிர்ந்த, சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் கை வீங்கும் முன் கழற்றுங்கள். தயிர், மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதையும் தடவாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

கூலண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை

எப்போதும் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துரு பிடிக்கும். உப்புத் தண்ணீரால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் கூலண்ட் கலக்க வேண்டும். துரு பிடிப்பதை அது தடுக்கும். சீக்கிரம் கொதிப்பதையும் தடுக்கும். எவ்வளவு கலப்பது என்று டப்பாவில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். வெவ்வேறு வகைக் கூலண்ட்டை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பல கூலண்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கிறது. அது விஷம். ஆனால் இனிக்கும். நிறமும் சர்பத்போல இருக்கும். குழந்தையும் நாயும் ஆடும் குடித்துவிடலாம். குடிதண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றி வைக்காதீர்கள். தரையில் கொட்டாதீர்கள்.

முடிவாக

மாமாவின் கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. இப்போது ஜீப்பின் டாஷ்போர்டில் ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. மாமாவே எழுதுகிறார். மாதம் ஒருமுறை அம்மாவிடம் காட்டுகிறார். "எழுத்து கோணலா இருக்கு, தம்பி" என்று அம்மா சொல்கிறார்.

நீங்கள் ஜீப் ஓட்டுபவராக இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் ஒரு டீசல் பம்புசெட் இருக்கலாம். டிராக்டர் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் குறைவதை எழுதி வையுங்கள். எழுதினால் காரணம் தெரியும்.

விடை சொல்லுங்கள்

1. மாமாவின் கை ஏன் வெந்தது? அவர் என்ன செய்திருக்க வேண்டும்?
2. தாளில் ஈரம் இல்லை என்பதிலிருந்து மெக்கானிக் என்ன தெரிந்துகொண்டார்?
3. குக்கருக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
4. ஹெட் கேஸ்கட் போனால் தெரியும் அடையாளங்கள் எவை?

கணக்குப் போடுங்கள்

அம்மாவின் நோட்டை மறுபடி பாருங்கள். அந்த வாரம் மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் குக்கர் மூடியின் ரப்பரை எடுத்துப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? உங்கள் ஊர் ஜீப் அல்லது டிராக்டர் ஓட்டுபவரிடம் கேளுங்கள். அவர் வண்டியின் ரேடியேட்டர் மூடியில் என்ன எண் இருக்கிறது? வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள்.

சொற்களும் பொருளும்

ரேடியேட்டர்: எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் பெட்டி
கூலண்ட்: எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீரில் கலக்கும் திரவம்
தெர்மோஸ்டாட்: சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் கதவு
ஹெட் கேஸ்கட்: எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே உள்ள தகடு
அழுத்தம்: அழுத்தும் விசையின் அளவு